எங்கள் பள்ளிக்கூடத்துப் பேய்

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஒரு சிற்றூரில், நான் அகரம் எழுதக் கற்றுக்கொண்ட ஆரம்பப் பாடசாலை, சாலையோரத்தில் புதிய கட்டடம் எழும்பிய பிறகு கைவிடப்பட்டு, ஓடு சரிந்து, கதவு பெயர்ந்து, வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அந்தி மயங்கிவிட்டால் அந்த வழியாக நடக்கப் பெரியவர்களும் தயங்குகிறார்கள் என்பதைச் சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கண்டேன். "அங்க ஒரு பொம்பளப் புள்ள நிக்குது, பெரிய தாத்தா. மூணாங்கிளாஸ் ஜன்னல்லேருந்து கூப்பிடுதாம்" என்று என் தம்பியின் பேரன் கண்களை அகல விரித்துச் சொன்னான். அந்த ஜன்னலோரத்தில் 1963-ஆம் வருஷம் உட்கார்ந்திருந்தவள் யார் என்பது எனக்குத் தெரியும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்த எங்களுக்குள், பெண்பிள்ளைகளின் கடைசி இடம் அவளுடையது. ஆண்பிள்ளைகளின் முதல் இடம் என்னுடையது. இடையே ஒரு சாண் தரை. ஆகையால் அவளைப் பற்றி ஊர் சொல்லும் கதையைத் திருத்துகிற பொறுப்பு என்மேல் விழுந்திருப்பதாகவே கருதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிய நம்பிக்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுடுகாட்டின் மேல் பள்ளிக்கூடம் கட்டியதால்தான் இந்த உபத்திரவம் என்பது ஊராரின் சித்தாந்தம். காமராஜர் ஆட்சியில் கிராமந்தோறும் ஆரம்பப் பாடசாலைகள் ஆயிரக்கணக்கில் திறக்கப்பட்டபோது, நெல் விளையும் நிலத்தைக் கொடுக்க எவருக்கும் மனம் வராமையால், மந்தை, களம், குளக்கரை என்று உழவுக்கு உதவாத புறம்போக்கு நிலங்களே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. அவை இயல்பாகவே ஊருக்கு வெளியே இருந்தன. ஊருக்கு வெளியே இருந்ததனால் சுடுகாட்டுக்குப் போகும் பாதை சமீபத்தில் இருந்தது. எங்கள் பாடசாலை நின்றது களத்துமேட்டில். கிராமக் கணக்கிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறது. கல்லறையின் மேல் கட்டிய பள்ளி என்ற வதந்தி ஜப்பான் தேசத்துப் பிள்ளைகளிடையேயும் சர்வ சாதாரணமாக வழங்குகிறது. அங்கேயும், மூன்றாம் மாடிக் கழிப்பறையின் மூன்றாவது கதவை மூன்று முறை தட்டினால் ஹனாகோ என்ற சிறுமி பதில் சொல்வாள் என்று ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடத்துப் பேய் அந்த நாட்டிலும் ஒரு சிறுமியாகவே இருப்பதைக் காணும்போது என் மனம் சங்கடப்படுகிறது.

அடுத்தது வாசலில் நிற்கும் புளியமரம். அதில் முனி உறைகிறது என்று முதியோர் சொல்ல, படித்த இளைஞர்களோ, "முனியுமில்லை ஒன்றுமில்லை, இரவில் மரம் கரியமில வாயுவை வெளிவிடுகிறது, கீழே படுத்தவனுக்கு மூச்சு முட்டுகிறது, அதைத்தான் பேய் அமுக்கியது என்கிறார்கள்" என்று விஞ்ஞான விளக்கம் ஒன்று தருகிறார்கள். பேயை நம்புவதைவிட இது மேலானது என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் இதுவும் சோதித்துப் பாராத நம்பிக்கையே. மரம் இரவில் சுவாசிப்பது உண்மை; அது வெளிவிடும் வாயு திறந்தவெளிக் காற்றோடு உடனுக்குடன் கலந்து போய்விடுகிறது. ஒரு மனிதர் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அப்படியிருந்தும் ஒரே அறையில் நாலைந்து பேர் படுத்துறங்கிக் காலையில் சுகமாக எழுந்திருக்கிறோம். தூக்கத்தில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமுக்குவதாகத் தோன்றுவது, மூளை விழித்துக்கொண்ட பிறகும் உடலின் தசைகள் சில வினாடிகள் உறக்கத்தின் கட்டிலேயே இருப்பதால் நேர்கிற அனுபவம். மெத்தை வீட்டுக் கட்டிலிலும் அது நேரும், புளியமரம் வேண்டியதில்லை.

இரவில் கேட்கும் அலறலைப் பற்றி வாதம் செய்வதைக் காட்டிலும் நேரே போய்ப் பார்த்துவிடுவது உத்தமம் என்று எண்ணி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முற்பகலில் உள்ளே போனேன். மூன்றாம் வகுப்பு உத்திரத்தின் கீழே தரையெல்லாம் வெள்ளை எச்சம். அதன் நடுவே கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள். ஒன்றை எடுத்துப் பிட்டேன். சாம்பல் நிற ரோமத்துக்குள் சுருட்டிவைத்தாற்போல் எலியின் தாடை எலும்பு ஒன்று, மஞ்சள் பூத்த முன்பல்லோடு, உடையாமல் முழுசாக இருந்தது. கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும். வெள்ளை முகமும், இறகோசை எழுப்பாமல் பறக்கும் ஆற்றலும், மனிதக் குரல் கிழிவதுபோன்ற கூச்சலும் உடைய அந்தப் பட்சியைச் சாக்குருவி என்று அஞ்சுகிற அதே ஊரில், வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு, எலி பிடிக்க ஆந்தை வந்து உட்கார வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். பேரன் அந்தத் தாடையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டான்.

திருவல்லாவில் 1898-இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்து, பின்னர் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் பணியாற்றிய ஆபிரகாம் கோவூர் அவர்கள், ஆவி நடமாடுகிறது என்று சொல்லப்பட்ட வீடுகளைத் தேடித் தேடிச் சென்று விசாரித்தார். அமானுஷ்ய சக்தியை ஏமாற்றுக்கு இடமில்லாதபடி நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-இல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை எவரும் பெறவில்லை. தம் எலும்புக்கூடு தர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞானக் கூடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று எழுதிவைத்த ஆசிரியர் அவர். கல்லெறி, தீப்பற்றல், அலறல் என்று எதை விசாரித்தாலும், அதன் பின்னால் உயிருள்ள ஒரு மனிதரின் கையையோ நோயையோ துயரத்தையோதான் அவர் கண்டார். எங்கள் பள்ளிக்கூடத்துக் கதையின் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது.

அது ஐப்பசி மாதத்து அடைமழைக் காலம். முதல் மணி அடித்த பிறகு அவள் வந்தாள். விடியற்காலையிலிருந்து வயிற்றை வலிக்கிறது என்றாள். வாத்தியார் வாய்ப்பாடு கேட்டபோது எழுந்து நின்றாள். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தங்குதடையின்றி ஒப்பிக்கிற அவளுக்கு அன்று இரண்டாம் அடியிலேயே நாக்குக் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அவர் முகம் கழுவிவரச் சொன்னார். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவளின் இமைகள் பாதிக்குமேல் தூக்க முடியாமல் தொங்கின. என்னைப் பார்ப்பதற்கு அவள் மோவாயை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். இந்த அறுபது வருஷத்தில் அந்த ஒரு அசைவு என் மனத்தை விட்டு அகலவில்லை. யாரோ ஒரு பையன், "இவளைப் பேய் அறஞ்சிருக்குடா" என்றான். வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள், வேப்பிலை அடித்தார்கள், விபூதி போட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் போய்விட்டாள். புளியமரத்து முனி அடித்துக் கொன்றது என்று அன்றே ஊர் முடிவு கட்டியது.

வயிற்றுவலி, இமை தொங்கல், நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, இறுதியில் மூச்சு நின்றுபோதல் என்ற இந்த வரிசையை வைத்தியர்களிடம் சொன்னால், கட்டுவிரியன் கடி என்பார்கள். பளபளக்கும் கருநீல உடலில் மெல்லிய வெள்ளை வளையங்களை உடைய அந்தப் பாம்பு, பகலில் சுருண்டு கிடந்து இரவில் நடமாடுவது; மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகுந்து, தரையில் பாய் விரித்து உறங்குவோரைத் தூக்கத்திலேயே கடித்துவிடுவது. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை. பல்பட்ட அடையாளமோ கொசுக்கடி அளவுதான். கடித்ததே தெரியாமல் நோயாளி காலையில் வயிற்றுவலியோடு எழுந்திருப்பார். பாம்பைக் காணாத இடத்தில் ஜனங்கள் பேயைக் கண்டது இப்படித்தான். இமை மூடி, வாய் பேசாது கிடப்பவருக்கும் நினைவு தெளிவாகவே இருக்கக்கூடும், காதும் கேட்கக்கூடும் என்பதை நான் பிற்காலத்தில் அறிந்தபோது, சுற்றி நின்று நாங்கள் பேசியதையெல்லாம் நினைத்து அன்றிரவு உறங்கவில்லை.

எட்டடி விரியன் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. கடிபட்டவன் எட்டு அடி நடப்பதற்குள் செத்துவிழுவான் என்று அர்த்தம் சொல்வார்கள். அது தவறு. மரணத்துக்குப் பல மணி நேரம் ஆகிறது. அந்த மணி நேரங்களே உயிரை மீட்பதற்கு உரியவை. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் நிறுவப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சேகரித்துக் கொடுக்கிறது. அதைக் குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தித்தான் மாற்று மருந்து தயாராகிறது. மூச்சு நின்றுவிட்டாலும் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தால், நரம்பு முனைகள் சில நாட்களில் மெல்ல மீண்டு, நோயாளி எழுந்து நடக்கிறார். 1963-இல், 14 மைல் சேற்றுப் பாதையைக் கடந்து அவளைக் கொண்டுபோயிருந்தாலும் பிழைப்பது கடினமே. இன்று கொண்டுபோனால் பிழைப்பது சாத்தியம். ஆயினும் நம் தேசத்தில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

என் ஞாபகத்தையும் நான் சோதித்தாக வேண்டும். மறுநாள் அவள் வீட்டு வைக்கோற்போரைப் பிரித்தபோது ஒரு கட்டுவிரியனை அடித்துக் கம்பில் தொங்கவிட்டுக் கொண்டுவந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தேன்; அதன் வெள்ளை வளையங்கள்கூட எனக்குத் தெரிந்தன. அக்காதான் திருத்தினாள். "நீ எங்கேடா பார்த்தே? பயந்துக்குவேன்னு அன்னிக்கு ராத்திரியே உன்னை மாமா வீட்டுக்கு அனுப்பிச்சுட்டா அம்மா. பாம்பைப் பார்த்தது நான்" என்றாள். அவள் சொல்லக் கேட்டதை நான் கண்டதாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் மனோதத்துவ அறிஞர் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பல நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார். புரியாத பகுதிகள் உதிர்ந்து, சொல்பவருக்குப் பழக்கமான பொருள்கள் அவ்விடத்தில் புகுந்துவிடுவதை 1932-இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். என் பொய்ஞாபகம் உண்மைக்குச் சமீபமாக அமைந்தது அக்கா உடனிருந்த பாக்கியத்தால். ஊரின் ஞாபகத்தைத் திருத்த அப்படி ஒருவரும் இல்லாமையால், வயிற்றுவலியும் இமையும் உதிர்ந்துபோய், அந்த இடத்தில் சினிமாவில் பார்த்த வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவள் உடுத்திவந்தது அரக்குப் பாவாடை என்று அக்காவும் நானும் ஒன்றுபோலச் சொல்கிறோம்.

ஆகையால் என் ஊராருக்கு இரண்டு வேண்டுகோள். விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு ஒரு பிள்ளை எழுந்து, கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டால், பாம்பைத் தேடிக்கொண்டிராமலும், மந்திரிக்கக் கொண்டுபோகாமலும், 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மற்றொன்று, மூன்றாம் வகுப்பு ஜன்னலைக் காட்டிப் பிள்ளைகளை இனிப் பயமுறுத்தாதீர்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தங்குதடையின்றி ஒப்பித்த, எட்டு வயதுப் பெண்.