எண்ணும் எண்பொருளும்

நுழையும்முன்

கைப்பேசிச் செயலிகள் ஊதியத்தையும் சரக்கையும் வரியையும் கணக்கிடும் காலம் இது. எண்ணை ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றும் இடத்திலும், இரண்டு எண்களை ஒப்பிடும் இடத்திலும் நிரலர் தடுமாறுவதுண்டு. அத்தடுமாற்றங்கள் எவ்வாறு எழுகின்றன, எவ்வாறு களையப்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓசூர்ச் சந்தையில் ஒரே எண்ணை மூன்று மொழிகளில் கேட்கலாம். தமிழர் 'பத்து' என்பதைக் கன்னடர் 'ஹத்து' என்பர். தெலுங்கர் 'பதி' என்பர். தமிழில் சொல் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக ஒலிப்பதைப் பால், ஹாலு. பல், ஹல்லு என்னும் இணைகளிலும் காணலாம். ஒலி வேறுபட்டபோதும் மதிப்பு ஒன்றே என்பதில் எல்லைப்புற வணிகர் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கணினிக்கு அந்த உலகியலறிவு இல்லை. 'மதிப்பால் ஒன்றா, உருவால் ஒன்றா, இருக்கும் இடத்தால் ஒன்றா' என்பதை நிரலர்தாம் அதற்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாகனம், கைக்கடிகாரம், உதிரிப்பாகம், மாங்கூழ் எனப் பலவகைத் தொழில்கள் நடைபெறுகின்றன. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கே ஒரு செயலி, செய்து முடித்த பாகங்களின் எண்ணிக்கையையும் சோதித்துத் தேறிய பாகங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமானால் அன்றைய கணக்கை முடித்துத் தொழிலாளியின் கூலியைப் பதிவுசெய்கிறது. செயலியை உருவாக்கியவர்கள் 50, 100 என்னும் எண்களைக் கொண்டு சோதித்தபோது குறையேதும் தென்படவில்லை. பணிக்கு வந்த பின்னர், 200 பாகங்கள் செய்து 200-உம் தேறிய தொழிலாளியின் கணக்கு முடியாமல் நின்றது. 200-உம் 200-உம் சமமல்ல என்று செயலி விடை கூறியது.

இதன் காரணம் நுட்பமானது. ஜாவா மொழியில் எண்ணை வெறும் மதிப்பாகவும் வைக்கலாம்; ஒரு பெட்டிக்குள் இட்டு 'எண்பொருள்' ஆகவும் வைக்கலாம். பட்டியல் போன்ற அமைப்புகள் எண்பொருள்களையே ஏற்கும். இரண்டு எண்பொருள்களுக்கு இடையே இரட்டைச் சமக்குறியை இட்டால், கணினி உள்ளிருக்கும் எண்களைப் பார்ப்பதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே பெட்டிதானா என்று மட்டும் பார்க்கிறது. சிறிய எண்கள் அடிக்கடி பயன்படும் என்பதால், -128 முதல் 127 வரையிலான எண்களைத் தானாகப் பெட்டியிலிடும்போது, முன்பே ஆயத்தமாக இருக்கும் பொதுப் பெட்டிகளையே ஜாவா எடுத்துத் தருகிறது. எனவே 100-உம் 100-உம் ஒரே பெட்டி. 127-ஐக் கடந்தால் தனித்தனிப் பெட்டிகள் உருவாவதே வழக்கம். பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது. சிறிய எண்கள் அதை மறைத்துவைத்தன. சோதனைக்கு எளிய எண்களையே தேர்ந்தெடுக்கும் மனித இயல்பும் அதற்குத் துணைபோயிற்று.

இங்கே 'ஈக்குவல்ஸ்' என்னும் செயற்கூற்றால் மதிப்புகளை ஒப்பிடுவதே முறை. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். குறுமுழு எண் பெட்டியில் உள்ள 10-ஐயும் நெடுமுழு எண் பெட்டியில் உள்ள 10-ஐயும் அச்செயற்கூற்றிடம் கொடுத்தால், தரவினம் வேறு என்பதால் அது 'சமமல்ல' என்றே கூறும். முதலில் இரண்டையும் ஒரே இனமாக்க வேண்டும்.

ஐபோன் செயலிகளுக்கான அப்ஜெக்டிவ்-சி மொழியில் 'என்எஸ்நம்பர்' என்னும் எண்பொருள் உண்டு. அங்கும் இரட்டைச் சமக்குறி பெட்டியின் முகவரியையே ஒப்பிடும். மற்றொரு பொறியும் அங்கே உள்ளது. 'மிகைநேரம் உண்டா?' என்று எண்பொருளையே நேராகக் கேட்டால், பெட்டி இருக்கிறதா என்பதற்கு மட்டுமே விடை கிடைக்கும். சுழியை உள்ளே வைத்த பெட்டியும் பெட்டிதான். ஆகவே மிகைநேரம் சுழி என்று பதிந்தவருக்கும் 'உண்டு' என்னும் விடை வரும். பெட்டியைத் திறந்து மதிப்பை வெளியே எடுத்த பின்பே கேள்வி கேட்க வேண்டும்.

எழுத்தாக வரும் எண்கள் வேறுவகைத் தொல்லை தருகின்றன. ஓசூரிலிருந்து ஜுஜுவாடி வழியாகக் கருநாடகத்தின் அத்திப்பள்ளிக்குச் செல்லும் சரக்குந்தை எடுத்துக்கொள்ளலாம். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயை மிகுமானால் மின்வழிச் சீட்டு வேண்டும் என்னும் விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. திரையில் தட்டச்சுசெய்த தொகை செயலிக்குள் 'சரம்' ஆகவே நுழைகிறது. சரங்கள் அகராதிச் சொற்களைப் போல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படும். அவ்வாறு ஒப்பிட்டால் 9500 என்பது 50000-ஐ விடப் பெரிது. 100000 என்பது 50000-ஐ விடச் சிறிது! சீட்டு வேண்டாத சிறுவணிகர் அதற்காக அலைவார். வேண்டிய ஓட்டுநர் சீட்டின்றி எல்லையில் நிற்பார்.

சரத்தை எண்ணாக மாற்றிவிட்டால் போதும் என்று கருதுவதும் அவசரமே. நம் நாட்டில் இலட்சத்தை 1,00,000 எனக் காற்புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். ஜாவாஸ்கிரிப்டின் 'பார்ஸ்ஃபுளோட்' செயற்கூறு முதல் காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். ஓர் இலட்சம் வெறும் 1 ஆகிவிடும். 'நம்பர்' என்னும் மாற்றமுறையோ 'எண் அன்று' என்னும் சிறப்பு மதிப்பைத் தரும். அம்மதிப்பு எதனினும் பெரிதுமில்லை, சிறிதுமில்லை. தனக்குத்தானே சமமும் இல்லை. எனவே '50,000-ஐ மிகுமா?' என்னும் கேள்விக்கு 'இல்லை' என்னும் விடை ஓசையின்றி வந்துவிடும். விதியில் உள்ள 'மிகுமானால்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. சரியாக 50,000 ரூபாய் என்பது மிகுதி ஆகாது. அங்கே 'பெரிது அல்லது சமம்' என்னும் குறியை இட்டவர் கணினி அறியாதவர் அல்லர். தமிழை ஊன்றிப் படிக்காதவர்.

பின்னங்களுக்கு வருவோம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-உடன் ஒப்பிட்டால் பல மொழிகளில் 'சமமல்ல' என்றே விடை வரும். இதனைத் தமிழரின் பழைய பின்ன வாய்பாட்டைக் கொண்டு எளிதில் விளக்கலாம். அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை ஒன்றை மீண்டும் மீண்டும் பாதியாக்கிப் பெற்றவை: 1/2, 1/4, 1/8, 1/16. இரும எண்முறையில் இவை முறையே 0.1, 0.01, 0.001, 0.0001 என முடிந்துவிடும். ஒருமா (1/20), இருமா (1/10), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவற்றின் கீழெண்ணில் ஐந்து என்னும் காரணி உள்ளது. ஆதலால் அவை இருமத்தில் முடிவதே இல்லை. இருமா, 0.000110011... என 0011 மீண்டும் மீண்டும் வர நீண்டுகொண்டே செல்லும். கணினி அதை ஓரிடத்தில் வெட்டியே சேமிக்கிறது.

அந்த வெட்டின் விலை உயிராகவும் இருந்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் படையினரின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தனர். அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக, அதாவது இருமாக்களாக எண்ணியது. 24 இருமங்களில் வெட்டப்பட்டதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் நொடியின் கோடியில் ஒரு பங்களவே பிழை. ஆயினும் 100 மணிநேரம் தொடர்ந்து இயங்கிய பின் அது ஏறத்தாழ 0.34 நொடியாகத் திரண்டுவிட்டது. அந்நேரத்தில் அத்தகைய ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

தீர்வும் பழைய வாய்பாட்டிலேயே உள்ளது. முந்திரியை அலகாகக் கொண்டால் அரை 160, வீசம் 20, இருமா 32 என அனைத்தும் முழு எண்களாகிவிடுகின்றன. பணத்தைக் கையாளும் செயலிகள் ரூபாயைப் பின்னமாக வைக்காமல் பைசாக்களாக எண்ணுவதும் இதே முறைதான். எடை, வெப்பம் போன்ற அளவீடுகளில் இது இயலாதபோது, இரண்டு எண்களின் வேறுபாடு ஏற்கத்தக்க சிறு எல்லைக்குள் உள்ளதா என்று ஒப்பிட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பெரிய எண்ணைச் சிறிய இனத்துக்குள் திணிப்பதும் ஆபத்தே. 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஏரியன் 5 ஏவூர்தி, புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 இரும மிதப்புப் புள்ளி எண் ஒன்று, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 இரும முழு எண்ணாக மாற்றப்பட்டபோது வழிகாட்டும் கருவி செயலிழந்தது. அந்நிரல்பகுதி ஏரியன் 4-இல் இருந்து எடுத்தாளப்பட்டது; அதன் வேகத்துக்கு அவ்விடம் போதுமானதாக இருந்தது.

கற்பவை கற்றபின்

மும்மா (3/20), முக்கால் ஆகியவற்றை முந்திரியில் எழுதுக. அவற்றுள் இருமத்தில் முடிவுறாதது எது? காரணம் கூறுக.

'மிகும்', 'குறையாத', 'உட்பட்ட', 'வரை' ஆகிய சொற்கள் அமைந்த விதிகளை நாளிதழ்களிலிருந்து தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஒப்பீட்டுக் குறியை எழுதுக.