அண்மை விளைவும் அணுவிரதமும்



இல்லறத்தாருக்கு உரைக்கப்பட்ட விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு என அவற்றை வரிசையாகச் சொல்ல நம்மில் பலர் அறிவோம். ஆயின், காய்கறி வாங்கக் கூடையை எடுக்கும்பொழுது அவற்றை நினைப்பவர் சிலரே. அருகில் விளைந்ததை, விளைவித்தவரிடமே வாங்கி உண்பது விரதத்திற்கு எவ்வாறு துணையாகிறது? எந்த அளவோடு அத்துணை நின்றுவிடுகிறது? இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. உழவர் சந்தை

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பே, 1987இல் சண்டிகரில் 'அப்னி மண்டி'யும், 1999 சனவரியில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜா'ரும் தோன்றியிருந்தன. தமிழகத்தில் 2001க்குப் பின் பல சந்தைகள் தளர்வுற்று, 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. செங்கற்பட்டிலும் ஒரு சந்தை உண்டு.

இதன் அமைப்பு எளியது. பயிர் செய்பவர் என்று அலுவலர்கள் ஆய்ந்து உறுதிசெய்தவருக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்கப்படும். கடைக்கு வாடகை இல்லை. தராசும் இலவசமாகத் தரப்படும். அன்றன்றைய விலை, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் இருக்குமாறு வகுக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். இடைத்தரகர் இன்மையால் உழவரும் வாங்குவோரும் ஒருங்கே பயன் பெறுகின்றனர்.

2. எல்லை வகுத்தல்

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் திக்விரதத்தைக் குணவிரதங்களுள்ளும், தேசாவகாசிகத்தைச் சிட்சாவிரதங்களுள்ளும் வைக்கிறது. முன்னது, எத்திசையிலும் இவ்வளவு தொலைவிற்கு அப்பால் செல்லேன் என வாழ்நாள் முழுமைக்கும் வகுக்கும் எல்லை. பின்னது, அவ்வெல்லையைக் குறிப்பிட்ட காலத்திற்கு மேலும் சுருக்குவது. வீடு, ஊர், வயல், ஆறு, காடு, யோசனைத் தொலைவு ஆகியவற்றை எல்லையாகவும், திங்கள், பக்கம், பருவம் போன்றவற்றைக் காலமாகவும் கொள்ளலாம். எல்லைக்கு அப்பால் நாம் செல்லாமையால், அங்கு நம் பொருட்டு நிகழும் பாவமும் நின்றுவிடும் என்பதே இதன் கருத்து.

இவ்விரதம் நம் நடமாட்டத்திற்கு உரைக்கப்பட்டது. ஆயினும் இன்று, நாம் வீட்டிலேயே இருக்க, நம் விருப்பம் ஆயிரம் கல் தொலைவு சென்று பொருளைக் கொண்டுவருகிறது. கால் செல்லாத இடத்திற்குப் பணம் செல்கிறது. எனவே, "இத்திங்களில் இம்மாவட்டத்தில் விளைந்த காய்களையே சமைப்பேன்" என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்வது அவ்விரதத்தின் உட்கருத்திற்கு ஒத்ததாகும். நுகர்பொருள்களை அளவிற்கு உட்படுத்தும் போகோபபோக பரிமாணத்திற்கும் அது வழியாகும்.

3. சமவெளி தரும் காய்கள்

கிழங்கு வகைகளை நாம் விலக்குகிறோம். சிறு பயனுக்காகப் பல உயிர்களுக்கு ஊறு நேர்வதே காரணம். சமந்தபத்திரர் முள்ளங்கியையும் ஈர இஞ்சியையும் இவ்வகையில் குறிப்பிடுகிறார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க. தொலைவிலிருந்து நம் கடைகளுக்கு வருவன யாவை? நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலிருந்து உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட். மகாராட்டிரத்திலிருந்து பெரிய வெங்காயம். நாம் விலக்க வேண்டியவற்றுள் பல நெடுந்தொலைவு பயணம் செய்து வருகின்றன. செங்கற்பட்டுச் சமவெளியில் விளையும் கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை, பூசணி, முருங்கை, வாழைக்காய் ஆகியன மண்ணுக்கு மேல் காய்ப்பவை. கோடையில் இப்பகுதியின் தர்ப்பூசணி உண்டு. சோற்றுக்கோ, செங்கற்பட்டுச் சிறுமணி என இம்மாவட்டத்தின் பெயரையே தாங்கிய நெல்வகை உண்டு. சேனை, கருணை, சின்ன வெங்காயம் முதலியன சமவெளியிலும் விளைதலால் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. எனினும் விரதம் காக்க இந்நிலம் போதும் என்பது தெளிவு. நிலக்கடலை மண்ணுள் விளையினும் அது கிழங்கன்று, விதையே என்பதையும் பிள்ளைகளுக்கு விளக்குக.

4. அருகில் விளைந்ததெல்லாம் அகிம்சை ஆகுமா?

ஆகாது. அருகிலுள்ள வயலிலும் பூச்சிக்கொல்லி தெளிக்கப்படலாம். தொலைவைக் குறைப்பதால் மட்டும் உலகிற்கு நேரும் கேடு பெரிதும் குறைந்துவிடும் என்பதும் சரியன்று. அமெரிக்க இல்லங்களின் உணவு குறித்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, உணவால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களுள் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 11 விழுக்காடே. பெரும்பங்கு விளைவிக்கும் நிலையிலேயே உண்டாகிறது. எங்கிருந்து வந்தது என்பதைவிட எதை உண்கிறோம் என்பதே முதன்மை எனும் இம்முடிவு, புலால் மறுத்த நமக்குப் புதிதன்று.

அப்படியாயின் சந்தைக்குச் செல்வதன் சிறப்பு யாது? அங்கு வினவ முடியும் என்பதே. நம் நூல்கள் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுக்கும். எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். உழுதல் முதலிய தொழில்களில் தவிர்க்க இயலாது நேர்வது உத்தியோக இம்சை. அதனை இயன்றவரை குறைத்தல் கடமை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நம் முன்னோர் உழுதுண்டு வாழ்ந்தது இவ்வுணர்வோடுதான். ஏர் நடந்த நிலத்தில் நேர்ந்த ஊற்றைக் கண்ணால் கண்டவர் ஆதலின், உணவை வீணாக்க அவர் அஞ்சினர்.

பணியின் பொருட்டு நாவலூரிலும் சிறுசேரியிலும் குடியேறிய இளங்குடும்பங்களின் பிள்ளைகள் அவ்வயலைக் காணாது வளர்கின்றனர். நெகிழி உறையில் வந்த காய்க்குப் பின்னால் எவ்வுயிர்க்கு என்ன நேர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத இம்சைக்கு இரக்கம் பிறப்பதும் அரிது. "ஐயா, இதற்கு என்ன மருந்து அடித்தீர்கள்? அடித்து எத்தனை நாளாயிற்று?" என்று உழவரைக் கேட்கும் குழந்தை, அகிம்சையின் முதற்பாடத்தைப் படிக்கிறது. விடை மகிழ்ச்சி தராதிருக்கலாம். அதனை அறிந்து, குறைவாகத் தெளிப்பவரிடம் வாங்குவதும் வாங்கியதை வீணாக்காது உண்பதும் நம் கையில் உள்ளன.

5. தராசும் பேரமும்

குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் கொள்ளுதல், கலப்படம் செய்தல் ஆகிய இரண்டும் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்கள் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும். இவை விற்பவருக்கு மட்டும் உரியனவல்ல. கீரைக்கட்டு விற்கும் மூதாட்டியிடம் அடக்க விலைக்கும் கீழே பேரம் பேசி, அதன்மேல் ஒரு கட்டு கொசுறு கேட்பதும் மிகுத்துக் கொள்ளுதலே அன்றோ? பெருங்கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றித் தருகிறோம். உழவரிடமும் பலகையில் எழுதிய விலையைத் தருதல் நேர்மை.

6. மழையும் மாலையும்

சாதுர்மாசத்தில் கீரைகளை விலக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஈரப்பொழுதில் சிற்றுயிர்கள் மிகுவதே காரணம். இக்கடற்கரைப் பகுதியிலோ பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. சாதுர்மாசம் கார்த்திகையோடு முடிந்தபின்னும் மழை தொடர்வதுண்டு. ஆகவே நாட்காட்டியோடு நிலத்தையும் நோக்கி, மழை ஓயும்வரை கீரையை விலக்குதலோ, இலை இலையாக ஆராய்தலோ நன்று.

இரவுண்ணாமைக்கும் காலைச் சந்தை துணைசெய்யும். இங்குக் கதிரவன் நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவிலும், சூலைத் தொடக்கத்தில் 6.40 அளவிலும் மறைகிறான். மறைவிற்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்பே உண்டு முடித்தல் மரபு. காலையில் வாங்கிப் பகலொளியில் நறுக்கினால் கத்தரியுள் இருக்கும் புழு கண்ணுக்குத் தெரியும். பணியிலிருந்து இரவில் திரும்புவோர், விடுமுறை நாளிலேனும் இம்முறையைத் தொடங்கலாம்.

7. இல்லப் பயிற்சி

அ. ஒரு திங்களுக்கு ஓர் எல்லை வகுத்து, குடும்பத்தார் அனைவரும் அறிய எழுதி வைக்கவும்.

ஆ. வாங்கிய ஒவ்வொரு காயும் விளைந்த ஊரைப் பிள்ளைகள் கேட்டுக் குறிக்கட்டும். உழவர் சந்தை எட்டாதவர் வாரச்சந்தையிலோ தெருவில் விற்பவரிடமோ கேட்கலாம்.

இ. வாடியோ அழுகியோ எறியப்பட்டதை எடையிட்டு எழுதவும். அடுத்த வாரம் அவ்வளவைக் குறைத்து வாங்கவும்.

ஈ. திங்கள் முடிவில் ஒன்றாக அமர்ந்து, எது எளிதாக இருந்தது, எது கடினமாக இருந்தது என்று உரையாடவும். இயலாததை மறைக்க வேண்டா. எல்லையைச் சிறிது தளர்த்தி மீண்டும் தொடங்கலாம்.

சிறிய எல்லையாயினும் தவறாது காப்பதே சிட்சாவிரதத்தின் பயன். சிட்சை என்பதற்குப் பயிற்சி என்பதே பொருள்.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!