கைதட்டலை நம்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

பணியிடப் பயிற்சி வகுப்புகளை வடிவமைக்கும் வேலைக்கு வந்திருக்கிறாய். இந்தத் தொழிலில் ஆளை முதலில் ஏமாற்றுவது, வகுப்பு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவம். 'மிக நன்று' என்று எல்லோரும் டிக் போட்டிருந்தால் நிர்வாகத்துக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. பயிற்சியின் பலனை அளக்க 1959-இல் நான்கு படிகளைச் சொன்ன அமெரிக்கர் டொனால்ட் கிர்க்பாட்ரிக், இந்த மனநிறைவை முதல் படியில்தான் வைத்தார். கற்றது, வேலையில் கடைப்பிடித்தது, அதனால் விளைந்த பலன் எல்லாம் அதற்கு மேலே. என் கருத்து இன்னும் கடுமையானது: நன்றாகக் கற்கும்போது மனநிறைவு குறையவும் கூடும்.

பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த முறைகளை ஒப்பிட்டு, பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு நாளுக்கு இரண்டு மணி நேர வகுப்புகள் இரண்டு. மொத்த மணிக்கணக்கில் குறைவாகச் செலவிட்டு அதே திறமையை எட்டியது, நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்ற குழுதான். ஆனால் தங்கள் பயிற்சிமுறை பிடிக்கவில்லை என்று அதிகம் சொன்னதும் அவர்களே. நாட்கணக்கில் பின்தங்கியதாக அவர்களுக்குத் தோன்றியது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டதும் இதற்கு ஒத்துவருகிறது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். சுகமாகப் போகிற வகுப்பு, தெரிந்துவிட்டது என்ற நினைப்பைத் தருகிறது; தடுமாறி நினைவுகூர்ந்தது நிலைக்கிறது.

தீயணைப்புப் பயிற்சியை எடுத்துக்கொள். தீயின் வகைகளை ஸ்லைடில் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதை விட்டு, "மின்பலகையில் புகை வருகிறது, சுவரில் தண்ணீர் சிலிண்டர் ஒன்று, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று. எதை எடுப்பீர்கள், எங்கே பிடிப்பீர்கள்?" என்று கேட்டு ஆரம்பி. சிலர் தண்ணீரைச் சொல்வார்கள். சிலர் வாயு வெளிவரும் குழலைப் பிடிப்பார்கள், அதன் குளிரில் கை புண்ணாகும் என்று தெரியாமல். தவறு வெளிப்பட்ட பிறகு விளக்கு; பின்னை இழுத்துத் தீயின் அடியைக் குறிபார்ப்பதை ஒவ்வொருவரும் கையால் செய்யட்டும்.

வயதில் மூத்தவர்களைச் சோதித்தால் அவமானமாக நினைப்பார்கள் என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. பெரியவர்கள் அனுபவத்தோடு வருகிறார்கள், தங்கள் பிரச்சினைக்கு உதவுவதையே கற்க விரும்புகிறார்கள் என்று வயதுவந்தோர் கல்வியை ஆராய்ந்த மால்கம் நோல்ஸும் எழுதினார். ஆனால் சுடுவது கேள்வியல்ல, மதிப்பெண் மேலதிகாரியின் மேசைக்குப் போவதுதான். மதிப்பெண் போடாதே, கேள்வியை அவர்கள் வேலையிலிருந்தே எடு. அனுபவத்துக்கு அதுவே மரியாதை.

ஒரே நாள்தான் தருவோம் என்று நிர்வாகம் சொன்னால், பாடத்தைப் பாதியாகக் குறை. மீதி நேரத்தைப் பழகிப் பார்ப்பதற்குக் கொடு. ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மேற்பார்வையாளர் கேட்க இரண்டு கேள்விகளை எழுதிக்கொடு. அதற்கு ஐந்து நிமிடம் போதும். சிலிண்டருக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் அதைப் பயிற்சி சரிசெய்யாது என்பதையும் நிர்வாகத்திடம் அப்போதே சொல்லிவிடு. முதல் ஸ்லைடைத் தயாரிக்கும் முன்பே மேற்பார்வையாளர் கேள்வி கேட்கும் அந்த இரண்டு தேதிகளையும் திட்டத்தில் குறித்துவை. கருத்துப் படிவத்தையும் வாங்கிக்கொள். நாற்காலி வசதியா, சாப்பாடு சரியா என்று அதில் தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்