குளிர்பான பாட்டிலும் ஒரு சின்னக் கணக்கும்

குளிர்பான பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிங்க. 100 மி.லி.க்கு சர்க்கரை 10 கிராம்னு இருந்தா, 250 மி.லி. பாட்டில்ல 25 கிராம். சுமார் 6 டீஸ்பூன். கிராமுக்கு 4 கலோரி வீதம் 100 கலோரி. தினம் 1600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, சேர்க்கும் சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 சதவீத வரம்பு 160 கலோரிதான். ஒரே பாட்டில்ல பாதிக்கு மேல காலி!

இதுக்காகக் குழந்தையை 'குண்டு'ன்னு கேலி பண்ணவோ பட்டினி போடவோ கூடாது, வளர்ற வயசு. மாற வேண்டியது வீட்டுப் பழக்கம். தாகத்துக்குத் தண்ணீர், மோர். சாயங்காலம் சுண்டல், கொய்யா. சாப்பிடும்போது எல்லாருக்கும் டிவி, போன் ஆஃப். தினமும் 60 நிமிஷம் ஓடியாடி விளையாட்டு.

அடுத்த முறை ஊருக்குப் போறப்போ, தம்பி தங்கைக்கு ஒரு பந்து வாங்கிட்டுப் போங்க.