கணவருக்கு ஒரு கணினி

கீழ்க்காணும் பகுதியை வாசித்துப் புரிந்துகொள்க.

பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு மின்னணுத் துறையில் தனிப் பெயர் உண்டு. 1972ஆம் ஆண்டில் இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் பினாங்கில் தொழிற்சாலைகளை அமைத்தன. அன்று தொடங்கி இன்றுவரை, உலகெங்கும் உள்ள கணினிகளில் பயன்படும் சில்லுகள் பல அங்குச் சோதிக்கப்பட்டு வெளிநாடுகளுக்குச் செல்கின்றன.

அத்தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான சில்லுகளைச் சோதிக்கிறார். ஆனால், அவருடைய வீட்டில் கணினி இல்லை. முன்பு ஒன்று இருந்தது. 2022ஆம் ஆண்டில் மனைவியின் பட்டயப் படிப்புக்குக் கட்டணம் செலுத்தப் பணம் போதாதபோது, அவர் அதை விற்றுவிட்டார். “படிப்பு காத்திருக்காது, விளையாட்டு காத்திருக்கும்” என்று சொன்னதோடு சரி. அதன்பின் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பழைய விசைப்பலகையையும் சுட்டியையும் மட்டும் ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார்.

அந்தப் படிப்பை முடித்த மனைவி இப்பொழுது பாலர் பள்ளி ஆசிரியை. துணி சுற்றிய அந்தப் பொட்டலத்தை அலமாரியில் காணும்போதெல்லாம் அவருக்கு மனம் உறுத்தியது. எனவே, மாதம் 250 ரிங்கிட் வீதம் 18 மாதங்கள் சேமித்தார். 2024ஆம் ஆண்டில் அச்சேமிப்பு 4,500 ரிங்கிட் ஆனது. தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் தம்பியை அழைத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு கணினிக் கடைக்குச் சென்றார்.

முதல் கேள்வி

கண்ணாடிப் பேழைக்குள் மூன்று விசிறிகளும் வண்ண விளக்குகளும் கொண்ட வரைகலை அட்டை ஒன்று மின்னியது. அதன் விலை 2,900 ரிங்கிட்.

“இருப்பதிலேயே இதுதான் நல்லது போலிருக்கிறது. முதலில் இதை வாங்கிவிடுவோம். மீதிப் பணத்தில் மற்ற பாகங்களைப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ஆசிரியை.

தம்பி உடனே மறுக்கவில்லை. “வாங்கலாம், அக்கா. ஆனால், மாமா என்ன விளையாடுவார்? எப்படிப்பட்ட திரையில் விளையாடப் போகிறார்?” என்று கேட்டான்.

ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை. கணவர் எந்தக் குழம்பை விரும்பிச் சாப்பிடுவார் என்பது அவருக்குத் தெரியும். எந்த விளையாட்டை விரும்பி விளையாடுவார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இருவரும் எதையும் வாங்காமல் வீடு திரும்பினர்.

அன்றிரவு, ஜொகூரில் வேலை செய்யும் கொழுந்தனிடம் ஆசிரியை புலனம்வழி விசாரித்தார். “நாங்கள் இருவரும் சனிக்கிழமைதோறும் டோட்டா 2 விளையாடுவோம், அண்ணி. எல்டன் ரிங் வெளிவந்தபோது அதையும் விளையாட வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். அதற்குள் கணினியை விற்றுவிட்டார். உண்மையில், விளையாட்டு ஒரு சாக்குதான். அண்ணனோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பேன். இப்பொழுது அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது” என்று அவர் பதில் அனுப்பியிருந்தார்.

அந்தச் செய்தியை ஆசிரியை இரண்டு முறை படித்தார்.

திரையிலிருந்து தொடங்குதல்

மறுநாள் தம்பி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அதன் நடுவில் ஒரு செவ்வகம் வரைந்தான். “கணினியைத் திரையிலிருந்து திட்டமிட வேண்டும், அக்கா” என்றான்.

கணினித் திரை சிறுசிறு படப்புள்ளிகளால் ஆனது. ‘ஃபுல் எச்டி’ எனப்படும் திரையில் குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் இருபது இலட்சத்துக்கும் சற்று அதிகம். ‘4கே’ திரையில் இதைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. விளையாட்டின்போது ஒவ்வொரு புள்ளியும் எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பதை வரைகலை அட்டை கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் ஒருமுறை அன்று. திரையின் வேகம் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 முறை. 144 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 144 முறை புதிய படத்தைக் காட்டலாம்.

டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டில் வீரர்கள் நொடிப்பொழுதில் முடிவெடுக்கின்றனர். அங்குப் படம் தடையின்றி வேகமாக நகர்வதே முக்கியம். எல்டன் ரிங் கணினியில் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாதவாறு அமைக்கப்பட்டது. ஆகவே, இவ்விரு விளையாட்டுகளுக்கும் ஃபுல் எச்டி தெளிவும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட ஒரு திரை போதும். கடையில் கண்ட 2,900 ரிங்கிட் அட்டையை இத்திரையோடு இணைத்தால், அதன் ஆற்றலில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடக்கும்.

திறந்த இல்ல உபசரிப்பு

“விலை உயர்ந்த அட்டையை வாங்கிவிட்டு மற்றவற்றில் சிக்கனம் பார்த்தால் என்ன?” என்று ஆசிரியை கேட்டார்.

தம்பி, தீபாவளியன்று தங்கள் வீட்டில் நடக்கும் திறந்த இல்ல உபசரிப்பை எடுத்துக்காட்டாகக் கூறினான். சேமிப்பகம் என்பது மளிகைப் பொருள்களை அடுக்கிவைக்கும் அறை. நினைவகம், உடனடித் தேவைக்கு வேண்டியவற்றை எடுத்துப் பரப்பும் மேசை. செயலி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துக் கட்டளையிடும் அம்மா. வரைகலை அட்டை, அம்மா சொன்னதும் ஒரே நேரத்தில் நூறு இலைகளுக்குப் பரிமாறும் உறவினர் கூட்டம். பரிமாறுவோர் ஐம்பது பேர் இருந்தும், கட்டளையிட ஆளில்லை என்றால் அவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். கட்டளையிடுபவர் திறமைசாலியாக இருந்தும், மேசை சிறியதாக இருந்தால் அறைக்கும் மேசைக்கும் நடப்பதிலேயே பொழுது கழியும்.

இந்த எடுத்துக்காட்டு ஆசிரியைக்கு உடனே விளங்கியது. ஒரு பாகத்தின் குறை மற்றொரு பாகத்தின் வலிமையை வீணாக்கிவிடும். எனவே, ‘எது மிகச் சிறந்தது?’ என்பதைவிட ‘எது எதனோடு பொருந்தும்?’ என்பதே சரியான கேள்வி.

பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

வரைகலை அட்டைக்கு அவர்கள் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060ஐத் தேர்ந்தெடுத்தனர். இதில் 3,072 சிறு கணிப்பு மையங்களும் 8 ஜிகாபைட் வரைகலை நினைவகமும் உள்ளன. இதற்கும் ஓர் எல்லை உண்டு. புதிய பெரிய விளையாட்டுகள் சிலவற்றை மிக உயர்ந்த தரத்தில் ஓட்ட 8 ஜிகாபைட் போதாமல் போகலாம். அப்பொழுது தரத்தை ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும்.

செயலியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் சென்றது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 விலை குறைவு. ஆனால், அது 2016இல் அறிமுகமான ஏஎம்4 என்னும் பொருத்தியில் அமர்வது. ரைசன் 5 7600 விலை சற்றுக் கூடுதல். அது 2022இல் வந்த ஏஎம்5 பொருத்தியில் அமர்வது. ஒன்றுக்கான செயலி மற்றொன்றில் பொருந்தாது. இரண்டிலும் ஆறு கருக்கள் உண்டு. புதிய பொருத்தியை வாங்கினால், சில ஆண்டுகள் கழித்துச் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு.

“முழுக் கணினியையும் விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் நிலை அவருக்கு மறுபடியும் வரக்கூடாது” என்றார் ஆசிரியை. புதியதையே தேர்ந்தெடுத்தனர். அந்தச் செயலியோடு குளிர்விப்பானும் பெட்டியிலேயே வருவதால் அதற்குத் தனிச் செலவில்லை.

செயலி முடிவானதும் வேறு இரண்டு பாகங்கள் தாமாகவே முடிவாயின. தாய்ப்பலகை ஏஎம்5 பொருத்தி கொண்டதாக இருக்க வேண்டும். அப்பலகை டிடிஆர்5 வகை நினைவகத்தை மட்டுமே ஏற்கும். பழைய டிடிஆர்4 அதன் செருகுவாயில் நுழையவே நுழையாது. எல்டன் ரிங்கிற்குப் பரிந்துரைக்கப்படும் நினைவகம் 16 ஜிகாபைட். அதை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்கினர். இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு செல்வதால் வேகம் கூடும். சேமிப்பகம் ஒரு டெராபைட். எல்டன் ரிங் மட்டுமே 60 ஜிகாபைட் இடம் கேட்பதால், அதற்குக் குறைவாக வாங்கினால் விரைவில் நிரம்பிவிடும்.

கண்ணில் படாத பாகம்

பட்டியலின் கடைசியில் மின்வழங்கி இருந்தது. அது பெட்டிக்குள் மறைந்திருப்பதால் பலர் அதில்தான் பணத்தை மிச்சப்படுத்துவர். இணைய விளம்பரம் ஒன்றில் பெயர் தெரியாத மின்வழங்கி பாதி விலைக்குக் கிடைத்தது. ஆசிரியை அதைக் காட்டினார்.

“வேண்டாம், அக்கா. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. இது கெட்டால் தானும் கெட்டு மற்றவற்றையும் கெடுக்கக்கூடும்” என்று தம்பி எச்சரித்தான்.

பிறகு கணக்கிட்டுக் காட்டினான். தயாரிப்பாளர்களின் குறிப்புப்படி வரைகலை அட்டைக்கு 115 வாட், செயலிக்கு 65 வாட். சுமை கூடும்போது செயலி அதற்கு மேலும் மின்சாரம் எடுக்கும். விசிறிகள், தாய்ப்பலகை முதலியவற்றையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். எனவே, உத்தரவாதத்துடன் கூடிய 550 வாட் மின்வழங்கி தாராளம்.

இறுதியில் அவர்கள் எழுதிய பட்டியல் இது:

வரைகலை அட்டை – 1,400 ரிங்கிட்
செயலி – 900 ரிங்கிட்
தாய்ப்பலகை – 550 ரிங்கிட்
திரை – 550 ரிங்கிட்
நினைவகம் – 280 ரிங்கிட்
சேமிப்பகம் – 280 ரிங்கிட்
மின்வழங்கி – 250 ரிங்கிட்
கணினிப் பெட்டி – 180 ரிங்கிட்
மொத்தம் – 4,390 ரிங்கிட்

“விண்டோஸ் உரிமத்தை என் பங்காக நான் வாங்கித் தருகிறேன். மீதி 110 வெள்ளிக்கு வண்ண விளக்கு வைத்த விசிறிகள் வாங்கலாமா, அக்கா?” என்று தம்பி கேட்டான்.

ஆசிரியை சற்று யோசித்தார். “வேண்டாம். ஒலிவாங்கியோடு ஒரு ஹெட்செட் வாங்கு. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ள வேண்டாமா?” என்றார். அந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் தம்பியின் உதவி தேவைப்படவில்லை.

மாலை ஏழு மணி

சனிக்கிழமையன்று கணவர் காலை வேலைக்குச் சென்றதும் இருவரும் வேலையைத் தொடங்கினர். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைப் பாதிக்காதிருக்க, முதலில் கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டனர். செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்தியின் குறியோடு சேர்த்து, அழுத்தாமல் மெல்ல வைத்தனர். பிற்பகல் மூன்று மணிக்குக் கணினி உயிர்பெற்றது. மேலும் ஒரு மணி நேரத்தில் விளையாட்டும் பதிவிறங்கியது.

ஆனால், திரையில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. ஆசிரியையின் முகம் வாடியது. பதினெட்டு மாதச் சேமிப்பு வீணாகிவிட்டதோ என்று கலங்கினார். தம்பி பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தான், சிரித்துவிட்டான். திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகியிருந்தார்கள். அந்தச் செயலிக்குள்ளேயே சிறியதொரு வரைகலைப் பகுதி இருப்பதால் படம் தெரிந்தது. ஆனால், விளையாட்டுக்கு அதன் ஆற்றல் போதவில்லை. கம்பியை இடம் மாற்றி, விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்ததை 144 ஆக்கியதும், படம் நீரோட்டம்போல் ஓடியது.

மாலை ஏழு மணிக்கு மேல் கணவர் வீடு வந்தார். மேசைமீது கணினி இருந்தது. அதன் முன்னால், துணியிலிருந்து எடுத்துத் துடைக்கப்பட்ட அவருடைய பழைய விசைப்பலகையும் சுட்டியும் இருந்தன. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. விசைப்பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“எந்தச் செயலி?” என்று மட்டும் கேட்டார். ஆசிரியை பெயரையும் பொருத்தியையும் கருக்களின் எண்ணிக்கையையும் தடுமாறாமல் சொன்னார். கணவர் வியந்து அவரைப் பார்த்தார். பிறகு ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“தம்பி, கேட்கிறதா? அண்ணன்தான் பேசுகிறேன்” என்றார்.

அருஞ்சொற்பொருள்

பொருத்தி – செயலியைத் தாய்ப்பலகையில் அமர்த்தும் இடம்
கரு – செயலிக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி
மின்வழங்கி – கணினிப் பாகங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் கருவி
நிலைமின்சாரம் – உராய்வால் உண்டாகிப் பொருளில் தேங்கும் மின்சாரம்

பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

1. கணவர் தம் பழைய கணினியை விற்றதற்குக் காரணம் என்ன?
2. 2,900 ரிங்கிட் வரைகலை அட்டையை வாங்காமல் விட்டது சரியான முடிவா? இரண்டு காரணங்களுடன் விளக்குக.
3. திறந்த இல்ல உபசரிப்பு எடுத்துக்காட்டில் நினைவகம் எதனுடன் ஒப்பிடப்படுகிறது? ஏன்?
4. ஹெட்செட்டைத் தேர்ந்தெடுக்க ஆசிரியைக்குத் தம்பியின் உதவி ஏன் தேவைப்படவில்லை?
5. உன் குடும்பத்தில் ஒருவருக்கு 300 ரிங்கிட்டுக்குள் ஒரு பரிசு வாங்க வேண்டும். வாங்கும் முன் நீ அறிந்துகொள்ள வேண்டிய மூன்று செய்திகளை எழுதி, குழுவில் கலந்துரையாடுக.