நிலம் உங்களுடையது, அதில் இறங்கும் பறவை உங்களுடையது அல்ல

கேள்வி: வக்கீல் ஐயா, மன்னார்குடி வட்டத்தில், வடுவூர் ஏரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். எனக்கு ஆறரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அதில் நான்கு ஏக்கர் பள்ளமான பூமி. ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் மாசி வரை வடியாது. நெல் போட்டால் அழுகிவிடுகிறது. கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் சிறவி, நாமக்கோழி, நாரை, மடையான் என்று கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. வெளியூரில் விடுதி நடத்தும் ஒருவர், சனி, ஞாயிறுகளில் ஆட்களை அழைத்து வந்து பறவை சுட இடத்தைத் திறந்துவிடச் சொல்கிறார். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம், அதில் பாதி எனக்கு. காற்றுத் துப்பாக்கிதான், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார். சுட்டதை அங்கேயே சமைத்துக் கொடுப்பாராம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கி, பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், அங்கே விவசாயிகள் இப்படிச் சம்பாதிப்பது சகஜம் என்கிறார். என் தாத்தாவும் லைசென்ஸ் வாங்கிச் சுட்டவர்தான். சொந்தப் பட்டா நிலத்தில் இதற்குச் சட்டம் இடம் கொடுக்குமா? பத்திர நகலை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: இடம் கொடுக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட, ஒரே ஒரு பறவைக்குக்கூட இடம் கொடுக்காது. முதல் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டீர்கள், அதுவரை நல்லது. இன்னும் எந்தக் குற்றமும் நடக்கவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து இந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் கூடாது என்பதை முதலில் பார்ப்போம்.

பட்டா எதற்கு, எதற்கு இல்லை

பட்டா உங்களுக்கு மண்ணின் மேல் உரிமை தருகிறது. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் தருகிறது. அந்த மண்ணில் வந்து இறங்கும் காட்டுப் பறவையின் மேல் அது எந்த உரிமையும் தருவதில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 9-ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள எந்த வன உயிரினத்தையும் யாரும் வேட்டையாடக் கூடாது என்கிறது. காடு, சரணாலயம், ஏரி, பட்டா வயல் என்று அந்தப் பிரிவு இடம் பிரித்துப் பேசவில்லை. தடை உயிரைப் பொறுத்தது. அது நிற்கும் சர்வே எண்ணைப் பொறுத்தது அல்ல.

39-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட வன உயிரினம் அரசின் சொத்து. செத்துக் கிடப்பதாகக் கண்டெடுக்கப்படும் வன உயிரினமும் அப்படியே. உங்கள் வரப்பில் தானாகச் செத்து விழுந்த நாரையைக்கூட நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது என்னும்போது, உயிரோடு இருப்பதைச் சுடக் கட்டணம் வாங்க எங்கே இடம்?

தாத்தா காலத்து லைசென்ஸ்

நீங்கள் சொல்வது உண்மைதான். 1972-ல் இந்தச் சட்டம் வந்தபோது சிறு வேட்டை, பெரு வேட்டை, பறவை, விலங்கு பிடித்தல் என்று தனித்தனி உரிமங்கள் இருந்தன. வாத்தினங்கள் சிறு வேட்டைக்கு உரிய பட்டியலில் இருந்தன. 1991-ல் வந்த திருத்தம் அந்த உரிம முறையையே நீக்கிவிட்டது. அதன் பிறகு பொழுதுபோக்குக்காகவோ கறிக்காகவோ பறவை சுட இந்தியாவில் யாரும் உரிமம் தர முடியாது. கலெக்டரிடமோ வன அலுவலரிடமோ 'பர்மிட்' வாங்கித் தருகிறேன் என்று அந்த விடுதிக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு பர்மிட் கிடையாது.

2022-ல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்து, தண்டனைகளையும் கூட்டியது. வன உயிரினங்கள் இப்போது முதல் இரண்டு அட்டவணைகளில் இருக்கின்றன. மயில் போன்றவை முதல் அட்டவணையில். வேறு பல பறவைகள் இரண்டாவதில். பண்ணையில் வளர்க்கும் வாத்துக்கும் கோழிக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

காற்றுத் துப்பாக்கி என்றால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்பவர் இரண்டு சட்டங்களைக் குழப்புகிறார். துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா என்பது ஆயுதச் சட்டத்தின் கேள்வி. அதை வைத்து எதைச் சுடுகிறீர்கள் என்பது வன உயிரினச் சட்டத்தின் கேள்வி. பயிர்ப் பாதுகாப்புக்காக முறையாக லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியானாலும் அதைக் கொண்டு சிறவியைச் சுட்டால் குற்றம்தான்.

வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிவானது. கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி அல்லது வலை வைத்துப் பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, காயப்படுத்துவது, இவற்றில் எதற்கு முயன்றாலும் அது வேட்டை. பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட வேட்டைதான். குண்டு குறி தவறிப் பறவை பறந்து போய்விட்டாலும் குற்றம் முடிந்துவிட்டது.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வடுவூர் ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்து, ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. அந்தச் சுற்றளவுக்குள் புதிய லைசென்ஸ் தருவதற்கும் அவருடைய முன் இசைவு வேண்டும். ஆறு கிலோமீட்டரில் இருக்கும் உங்கள் ஊர் இதற்குள் வருகிறது.

நான் சுடவில்லையே, இடம்தானே கொடுக்கிறேன்?

நீங்கள் அனுப்பிய பத்திரத்தின் நான்காவது ஷரத்தைப் பாருங்கள். "பறவைகளைச் சுடுவதால் ஏற்படும் சட்டப்படியான பொறுப்புகள் அனைத்தும் இரண்டாவது பார்ட்டியையே சேரும், முதல் பார்ட்டிக்கு இதில் எவ்விதச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அந்த வரி உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நீதிமன்றத்தில் அது நேர்மாறாக வேலை செய்யும். பறவை சுடத்தான் ஆட்கள் வருகிறார்கள், அதில் சட்டச் சிக்கல் இருக்கிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சியாகிவிடும்.

52-ஆம் பிரிவின்படி, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். தெரிந்தே இடம் கொடுத்து, கட்டணத்தில் பங்கும் வாங்குவது உடந்தைக்கு மிகத் தெளிவான உதாரணம். குற்றப் பொறுப்பை ஒப்பந்தம் போட்டு அடுத்தவர் தலையில் கட்ட முடியாது.

தண்டனை என்ன? பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடப்பட்டது முதல் அட்டவணை உயிரினமாக இருந்தாலோ, வேட்டை சரணாலயத்துக்குள் நடந்தாலோ, குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வந்தவர் எந்தப் பறவையைச் சுடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. நாமக்கோழிக்குக் குறி வைத்த இடத்தில் மயில் விழுந்தால் கதை மாறிவிடும்.

வனத்துறையினரும், சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத காவல் அதிகாரியும் 50-ஆம் பிரிவின்படி உங்கள் நிலத்தில் நுழைந்து சோதனை போடலாம். துப்பாக்கி, வலை, வாகனம் எல்லாவற்றையும் கைப்பற்றலாம். வன உயிரின இறைச்சி ஒருவரிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பாரம் அவர் மேல்தான் விழும். அதைச் சமைத்துப் பரிமாறுவதும் தனிக் குற்றம். விடுதிக்காரரின் அடுப்பு உங்கள் களத்துமேட்டில் எரிந்தால் கேள்வி உங்களிடமும் வரும்.

அமெரிக்காவில் நடக்கிறதே?

நடக்கிறது. உங்கள் மருமகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் நில உரிமையாளர் பறவையை விற்பதில்லை. உள்ளே வரும் அனுமதியை மட்டுமே விற்கிறார். வன உயிரினம் மக்கள் அனைவருக்கும் பொதுவானது, அரசு அதன் அறங்காவலர் என்பதுதான் அந்த நாட்டுச் சட்டத்தின் அடிப்படையும். வலசைப் பறவைகளுக்கு 1918-லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை என்றெல்லாம் அரசு வரையறுக்கிறது. பதினாறு வயது நிரம்பிய எவரும் வாத்து வேட்டைக்குப் போக மாநில லைசென்ஸோடு, 1934 முதல் வழக்கில் உள்ள வாத்து முத்திரையையும் வாங்க வேண்டும்; அந்தப் பணம் சதுப்பு நிலங்களைக் காக்கச் செலவாகிறது. ஈயக் குண்டால் நீர்ப்பறவைகளைச் சுடுவதை 1991-லேயே நாடு முழுக்கத் தடுத்துவிட்டார்கள்.

அங்கே அரசு அளந்து திறக்கும் கதவு அது. இங்கே அந்தக் கதவு சட்டப்படி மூடப்பட்டுவிட்டது. அந்த நாட்டு வழக்கத்தை இந்த நாட்டு நீதிமன்றத்தில் எதிர்வாதமாக வைக்க முடியாது.

விதிவிலக்கே இல்லையா?

மிகச் சில உண்டு. பறவைகள் உங்கள் பயிரை உண்மையாகவே அழித்தால், 11-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ, காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் அனுமதிக்கலாம். நீலத் தாழைக்கோழிகள் நாற்றை மிதித்து நாசம் செய்வதாக விவசாயிகள் சொல்வதை அறிவேன். அதற்கு வழி மனுதான். துப்பாக்கியும் விஷம் தடவிய நெல்லும் அல்ல. அந்த அனுமதியும் பயிரைக் காக்க மட்டுமே, கட்டணம் வாங்கி ஆட்களைக் கூட்டி வர அல்ல. ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு 12-ஆம் பிரிவு தனி அனுமதி தருகிறது. பரம்பரை வழக்கம் என்ற வாதத்துக்கு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினரைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொரு வாதமும் கிளம்பும்: "இது ராம்சர் பட்டியலில் இல்லை, அரசு அறிவித்த ஈரநிலமும் இல்லை." 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல் வயலையும் பாசனத்துக்காக உருவாக்கிய நீர்நிலையையும் தம் வரம்பிலிருந்து விலக்கியிருப்பது உண்மைதான். அது கட்டடம், கழிவு, ஆக்கிரமிப்பு போன்றவை பற்றிய வேறு ஒழுங்குமுறை. பறவை வேட்டைத் தடை அந்த விதிகளை நம்பி நிற்கவில்லை, தனியாகவே நிற்கிறது.

இனி என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று விடுதிக்காரர் உங்கள் மேல் வழக்குப் போட்டு அதை நிறைவேற்ற வைக்க முடியாது. ஆகவே பயப்படாமல் விலகுங்கள். ஐம்பதாயிரத்தையும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். "சட்டத்துக்கு முரணானது என்று அறிந்ததால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், என் நிலத்தில் வேட்டைக்காக யாரும் நுழையக் கூடாது" என்று ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு: அதன் பிறகும் ஆட்கள் வந்தால், வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படியும் குற்றம். நீங்கள் கொடுத்த புகார்தான் நீங்கள் உடந்தை இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம்.

மூன்று: அந்த நான்கு ஏக்கரின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வாய்க்கால் புறம்போக்கோ குளப் புறம்போக்கோ கலந்திருந்தால், எந்தத் தொழிலுக்கும் அதைப் பயன்படுத்துவதற்கு முன் தாசில்தார் அலுவலகத்தில் தெளிவு பெற வேண்டும்.

நிலத்திலிருந்து வருமானமே கூடாதா?

கூடும். பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் வருபவர்களை அனுமதித்துக் கட்டணம் வாங்க வன உயிரினச் சட்டத்தில் தடை இல்லை. வரப்போடு நிறுத்தி, தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கூடு கட்டும் காலத்தில் கோரைக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். கூட்டைக் கலைத்தால் அதுவும் வேட்டை என்பதைச் சற்று முன் சொன்னேன். தங்கும் அறை, நிரந்தரக் கூடாரம் போன்றவற்றுக்கு ஊராட்சி அனுமதியும் நிலப் பயன்பாட்டு அனுமதியும் தனியாக வேண்டும்.

நிலத்தை நிரந்தரமாகப் பறவைகளுக்கு விட மனம் இருந்தால், 36சி பிரிவின்படி தனிநபர் நிலத்தையும் அவரே முன்வந்தால் மாநில அரசு சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். அறிவித்த பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. குடும்பத்தார் அனைவரும் சம்மதித்த பிறகே மாவட்ட வன அலுவலரைப் பாருங்கள்.

வேடந்தாங்கலில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-ல் தடை உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், பாசனத்தை நம்பிய விவசாயிகளே எடுத்த முடிவு அது. நீங்களும் அதே தொழிலைச் செய்பவர்.

அந்தப் பத்திரத்தை இந்த வாரமே ரத்து செய்யுங்கள். உங்களைப் போல் பள்ள நிலம் வைத்திருக்கும் பக்கத்து வயல்காரர்களுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்ததும் அந்த விடுதிக்காரர் அடுத்து அவர்கள் வீட்டுக்குத்தான் போவார்.