ஒரிகன் கடற்கரையில் குடும்பத்தோடு தங்க கேபின் எடுப்பது எப்படி

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரை, வடக்கே கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம் தொடங்கித் தெற்கே கலிபோர்னியா எல்லை வரை சுமார் 580 கிலோமீட்டர் நீள்கிறது. கடற்கரை மணல் அனைவருக்கும் பொது என்பதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. அதனால் கடற்கரையை மறித்து வேலி போட யாராலும் முடியாது. தங்க இடம் கிடைத்தால் போதும். கடலோரமாகச் செல்லும் 101ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள மாநிலப் பூங்காக்கள் பலவற்றில், கூடாரம் அடிக்கும் இடங்களோடு கேபின்களும் ‘யர்ட்’ எனப்படும் வட்டக் குடில்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மழையும் காற்றும் ஓயாத இந்தக் கரையில், குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துவரும் குடும்பத்துக்குக் கூடாரத்தைவிட இவையே ஏற்றவை.

முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். யர்ட் என்பது மத்திய ஆசிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரத்தின் வடிவில், மரச்சட்டத்தின் மேல் தடித்த துணி போர்த்திக் கட்டிய அறை. ஒரிகன் பூங்காக்களில் 1994 முதல் இவை இருக்கின்றன. ஏறக்குறைய 16 அடி விட்டம்; மரத்தரை, பூட்டும் கதவு, மின்விளக்கு, ஹீட்டர், ஓர் அடுக்குக் கட்டில், விரித்துப் படுக்கக்கூடிய ஒரு சோபா. ஐந்து பேர் படுக்கலாம். குழாயோ கழிப்பறையோ அடுப்போ உள்ளே கிடையாது. எளிய வகைக் கேபின்களிலும் ஏறத்தாழ இதே வசதிகள்தான். வாடகை கூடிய ‘டீலக்ஸ்’ வகையில் குளியலறையும் சிறிய ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் உண்டு.

இரவில் கழிப்பறைக்கு யார் எத்தனை முறை எழுந்து போக வேண்டியிருக்கும் என்பதே இதில் முடிவெடுக்க உதவும் முதல் கேள்வி. தாத்தா பாட்டியோ, மூன்று வயதுக் குழந்தையோ உடன் வந்தால், மழையில் டார்ச் பிடித்துக்கொண்டு பொதுக் கழிப்பறைவரை நடப்பது பெரும் சிரமம். அவர்களுக்கு டீலக்ஸ் கேபின் தரும் நிம்மதிக்கு முன்னால் கூடுதல் வாடகை ஒரு பொருட்டே அல்ல. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் என்றால் யர்ட் தாராளமாகப் போதும்.

அடுத்தது இடம். வடகோடியில் உள்ள ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் சமதளமானது, சைக்கிள் ஓட்ட ஏற்றது. 1906இல் தரைதட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் இரும்புக்கூடு இன்றும் அங்கே மணலில் நிற்கிறது. டில்லமுக் ஊருக்குத் தென்மேற்கே உள்ள கேப் லுக்கவுட்டில் தங்குமிடத்திலிருந்து எட்டு வைத்தால் கடல். ஆனால் அங்குள்ள முனைக்குச் செல்லும் நடைபாதை செங்குத்தான பாறை விளிம்புகளை ஒட்டிப் போவதால், சிறு குழந்தைகளைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஃபுளோரன்ஸ் அருகிலுள்ள ஹனிமன் பூங்கா கடலை ஒட்டியது அல்ல. இருந்தாலும் பெரிய மணற்குன்றுகளும் குளிக்க ஏற்ற ஏரியும் அங்கே உண்டு. கோடையிலும் கடல்நீரின் வெப்பம் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், தண்ணீரில் விளையாடியே தீர வேண்டும் என்ற பிள்ளைகளுக்கு ஹனிமன்தான் சரியான தேர்வு.

முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே திறக்கிறது. இணையத்திலும் தொலைபேசியிலும் செய்யலாம். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். எனவே தேதியைக் குறித்துவைத்து, திறக்கும் நாளில் தயாராக உட்கார வேண்டும். தவறினால் மற்றவர்கள் ரத்துசெய்யும் இடங்களை அவ்வப்போது தேடிப் பார்க்கலாம். பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்களுக்குச் செப்டம்பரே மேல். கோடையின் வடமேற்குக் காற்றும் மூடுபனியும் அப்போது தணிந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஆனாலும் டிசம்பர் இறுதியில் தெற்கே செல்லும் சாம்பல் திமிங்கிலங்களைப் பார்க்க வருவோர் உண்டு.

பதிவை உறுதி செய்வதற்கு முன் பூங்கா வரைபடத்தைத் திறந்து, குறிப்பிட்ட எண்ணுள்ள குடில் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பது அவசியம். சில குடில்களில் நாய்களுக்கு அனுமதி உண்டு; ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம், ரத்துசெய்தால் பிடித்துக்கொள்ளும் தொகை ஆகியவற்றையும் அப்போதே கவனித்துவிடலாம்.

மெத்தை இருக்கும், விரிப்பு இருக்காது. ஆகவே விரிப்பு, தலையணை, கம்பளி அல்லது ஸ்லீப்பிங் பேக், துண்டு எல்லாம் வீட்டிலிருந்து வர வேண்டும். நனையாத மேலங்கி, மாற்றுக் காலணி, ஆளுக்கொரு டார்ச், தண்ணீர் கேன் ஆகியவை கட்டாயம். குடை இங்கே உதவாது. கடற்காற்று அதை மடக்கிவிடும்.

சமையல் முழுக்க வெளியில்தான். யர்ட்டுக்குள் அடுப்பு மூட்டுவது விதிமீறல் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. மூடிய அறையில் கேஸ் அடுப்போ கரியோ வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. வாசலில் மேசையும் தீமூட்டும் வளையமும் இருக்கும். அடுப்பு மேசைமேல் இருந்தாலும் காற்று சுடரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவதால், தோசைக்கல்லின் ஒரு பாதி கருகும், மறுபாதி வேகாது. மூன்று பக்கம் மறைக்கும் தகர மறைப்பு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை தீரும். போர்ட்லாண்டை அடுத்த பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கடற்கரை ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். புறப்படும் நாளில் கட்டிய புளியோதரை முதல் இரவுக்குப் போதும். மாலையில் சாவி வாங்கி, சாமான் இறக்கி முடிப்பதற்குள் குளிர்காலமாக இருந்தால் இருட்டிவிடும். விறகைப் பூங்காவிலோ பக்கத்து ஊரிலோதான் வாங்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சிகளும் வந்துவிடும். சாப்பாட்டை வெளியே விட்டுவைத்தால் இரவில் ரக்கூன்கள் மிச்சம் வைக்காது.

கடலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அமைதியாகத் தெரியும் அலைகளுக்கு நடுவே திடீரென ஒரு பேரலை கரைக்குள் வெகுதூரம் ஏறி வருவது இங்கே வழக்கம். ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரத்துண்டுகள்மேல் குழந்தைகளை ஏறவிடக் கூடாது. ஓரடித் தண்ணீரே டன் கணக்கான அந்தக் கட்டையை உருட்டி ஆளை நசுக்கிவிடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் பாறை முனைகளைச் சுற்றி நடந்தால், ஏற்றம் வரும்போது திரும்பும் வழி அடைபட்டுவிடும். இந்தக் கரைக்கு அப்பால் உள்ள காஸ்கேடியா பிளவில் 1700ஆம் ஆண்டு பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுனாமி எழுந்தது. எனவே வந்ததும் வெளியேறும் பாதைக்கான நீலப் பலகைகளைத் தேடி, மேட்டுக்கு ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. நிலம் பலமாக அதிர்ந்தால் எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திராமல் உடனே நடந்தே ஏற வேண்டும்.

கிளம்பும் நாளில், குறித்த நேரத்துக்குள் அறையைப் பெருக்கி, குப்பையை அகற்றி, ஹீட்டரைக் குறைத்துவிட வேண்டும். தீ வளையத்தில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பல் சூடு ஆறிவிட்டதா என்று புறங்கையை அருகே காட்டிப் பார்த்த பிறகே வண்டியில் ஏறலாம்.